பழைய உலோக ஸ்னேர் வாங்குவது: சுப்ராஃபோனிக்கா, ஆக்ரோலைட்டா, பித்தளையா?

1960களிலும் 70களிலும் அமெரிக்காவில் செய்த உலோக ஸ்னேர் டிரம் (அடித்தோலில் கம்பிகள் படிந்து அதிரும் டிரம்) ஒன்று வாங்க வேண்டும் என்றால், யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பெயர் லட்விக் நிறுவனத்தின் சுப்ராஃபோனிக். நல்ல பதில்தான், ஆனால் அவசரப் பதில். அதே சிகாகோ ஆலையில், அதே ஆண்டுகளில், ஏறக்குறைய அதே ஷெல்லை (டிரம்மின் உருளை உடலை) வைத்துச் செய்த ஆக்ரோலைட் இன்றும் அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் ரோஜர்ஸ் டைனாசோனிக், ஸ்லிங்கர்லேண்ட் சவுண்ட் கிங், கிரெட்ச் 4160 என்று பித்தளை ஸ்னேர்கள் இருக்கின்றன. இவற்றில் எதை எடுப்பது என்பதை பேட்ஜ், அதாவது நிறுவனப் பெயர்த் தகடு, தீர்மானிக்கக் கூடாது. ஷெல் என்ன உலோகம், எந்தெந்தப் பாகம் அசல், எது காணாமல் போயிருக்கிறது, போனது மறுபடி கிடைக்குமா என்ற நான்கு கேள்விகள் தீர்மானிக்கட்டும்.

இங்கே ஒப்பிடும் டிரம்கள் பெரும்பாலும் 14 அங்குல விட்டம், 5 அங்குல ஆழம். 6½ அங்குல ஆழம் வரும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறது.

குரோமுக்கு அடியில் என்ன?

விற்பவர் "குரோம் ஸ்னேர்" என்று மட்டும் எழுதியிருப்பார். குரோம் வெறும் மேல்பூச்சு. அதற்கு அடியில் பித்தளை, அலுமினியம், எஃகு மூன்றில் எதுவும் இருக்கலாம். ஒலியும் விலையும் அங்கேதான் பிரிகின்றன. அலுமினியம் வறண்ட, துல்லியமான, சட்டென்று அடங்கும் ஒலி தரும். பித்தளையில் அடிக்குப் பின் கார்வை கூடுதலாக நிற்கும். அழுத்தி அடித்தால் இன்னும் விரிந்து கேட்கும். எஃகு கூர்மையாக ஒலிக்கும். அதன் விலை இந்தக் காலத்து டிரம்களில் தாழ்வாகவே இருக்கும்.

முதல் சோதனை காந்தம். ஷெல்லில் பலமாக ஒட்டினால் எஃகு. ஒட்டாவிட்டால் பித்தளையோ அலுமினியமோ. நியோடிமியம் போன்ற வலுவான காந்தத்தை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். குரோமுக்கு அடியில் பூசிய நிக்கலும் காந்தத்தை இழுக்கும் உலோகம் என்பதால், பித்தளை ஷெல்லிலும் அந்தக் காந்தம் லேசாகத் தொற்றி நின்று ஏமாற்றும். சமையலறையில் குளிர்பெட்டியில் ஒட்டி வைக்கும் சாதாரணக் காந்தம் போதும். ஹெட்டை, அதாவது டிரம்மின் தோலை, அழுத்திப் பிடிக்கும் வளையமான ஹூப்பையும் அதே காந்தத்தால் பார்த்துவிடுங்கள். 1960களின் தொடக்க லட்விக் ஹூப்கள் பித்தளையில் வந்தவை. பிறகு எஃகுக்கு மாறின.

பித்தளையா அலுமினியமா என்பதை எடை சொல்லிவிடும். ஷெல்லின் தடிமன் 1 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 14க்கு 5 அங்குல உருளையில் சுமார் 142 கன செ.மீ. உலோகம் இருக்கிறது. பித்தளையில் அது ஏறத்தாழ 1,200 கிராம், அலுமினியத்தில் 380 கிராம். முழு டிரம்மாகத் தூக்கினாலும் இந்த வித்தியாசத்தைக் கை உணரும். நேரில் பார்க்க முடியாதபோது, ஒரு லக்கை (ஹூப்பை இறுக்கும் ராட் என்ற நீளத் திருகு பூட்டும் பாகத்தை) கழற்றி, ஷெல்லில் அதன் திருகுத் துளையின் ஓரத்தை அருகிலிருந்து படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முலாம் மூடாத அந்த மெல்லிய ஓரத்தில் மஞ்சள் தெரிந்தால் பித்தளை. பழைய ஷெல்லின் நோயும் உலோகத்தைக் காட்டிக்கொடுக்கும். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அலுமினியம், பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் பித்தளை, செந்துரு கசிந்திருந்தால் எஃகு.

சுப்ராஃபோனிக்கும் ஆக்ரோலைட்டும்

வில்லியம் எஃப். லட்விக் 1955இல் தன் பெயரைத் தாங்கிய நிறுவனப் பெயரை கான் நிறுவனத்திடமிருந்து திரும்ப வாங்கினார். சிகாகோ டேமன் அவென்யூ ஆலையில் உருவான புதிய உலோக ஸ்னேர் முதலில் பித்தளையில், குரோம் முலாமுடன், சூப்பர் லட்விக் என்ற பெயரில் வந்தது. 1963 வாக்கில் ஷெல் அலுமினியக் கலவைக்கு மாறியது. லட்விக் அந்தக் கலவைக்கு லட்அலாய் என்று பெயர் வைத்தது. சுப்ராஃபோனிக் என்ற பெயரும் அந்த மாற்றக் காலத்தில்தான் நிலைத்தது. 5 அங்குல மாதிரிக்கு எண் 400, 6½ அங்குலத்துக்கு 402. இரண்டிலும் பத்து லக்.

1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியபின் லட்விக்குக்கு ஆர்டர் குவிந்தது. வாங்குபவர் இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். ரிங்கோவின் புகழ்பெற்ற ஸ்னேர் மரத்தாலான ஜாஸ் ஃபெஸ்டிவல். அவர் பெயரைச் சொல்லி 400க்கு விலை ஏற்றுபவரிடம் கூடுதலாக எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. லெட் செப்பலின் ஜான் பான்ஹாமோடு 402ஐச் சேர்த்துப் பேசுவது சரியானது. அதனாலேயே 402 விலை கூடியது, பழைய கீஸ்டோன் பேட்ஜ் உள்ள 402 இன்னும் அரிது.

சுப்ராஃபோனிக்கின் பெரிய குறை அதன் முலாம். அலுமினியம் காற்றுப் பட்ட கணத்திலேயே மேலே ஆக்சைடு படலம் கட்டிக்கொள்ளும். அதனால் முலாம் அதன்மேல் உறுதியாகப் பிடிப்பது கடினம். குரோம் படலத்திலோ கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் எப்போதும் உண்டு. வியர்வையும் ஈரமும் அதன் வழியே இறங்கினால், முலாமின் உலோகங்களுக்கும் அலுமினியத்துக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்குகிறது. அதில் கரைவது எப்போதும் அலுமினியம். விளைவாக முதலில் அம்மை வடுப்போலச் சிறு புள்ளிகள், பிறகு கொப்புளம், கடைசியில் செதில் செதிலாக உரிதல். தொடங்கிய இடத்தில் இதை நிறுத்த வழியில்லை, வேகத்தை மட்டும் குறைக்கலாம். மறுபடி குரோம் போடவும் எளிதாக ஆள் கிடைக்காது. செய்பவர் கேட்கும் கூலியில் இன்னொரு டிரம்மே வாங்கிவிடலாம்.

ஆனால் புள்ளி விழுந்த ஷெல்லின் ஒலி கெடுவதில்லை. சேகரிப்பவர் ஒதுக்குவதால் விலை இறங்குகிறது. வாசிப்பவருக்கு அது வாய்ப்பு. ஹெட் உட்காரும் விளிம்பில் உரிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அங்கே தூக்கிக்கொண்டு நிற்கும் செதில் ஹெட்டைக் கிழிக்கும், விரலையும் கிழிக்கும். தளர்ந்த செதிலை மட்டும் 600 எண் ஈர உப்புத்தாளால் மெதுவாக எடுத்துவிடலாம். விளிம்பின் வடிவத்தைத் தொடக் கூடாது. முழு குரோமையும் எடுத்துவிட்டு வெற்று அலுமினியமாக மெருகேற்றிய 400களும் சந்தைக்கு வருகின்றன. அவை சேகரிப்புக்கு ஆகாது, வாசிக்க நன்றாகவே இருக்கும்.

இப்போது ஆக்ரோலைட், எண் 404. இது மாணவர்களுக்காகச் செய்த டிரம். ஸ்டாண்டு, பெட்டியோடு சேர்த்துப் பள்ளி இசைக்குழுக்களுக்கு விற்றார்கள். ஷெல் அதே வகை, நடுவே அதே வரிப்புடைப்பு. குரோமுக்குப் பதில் மங்கலான, ஆனோடைஸ் செய்த பூச்சு. பத்துக்குப் பதில் எட்டு லக். வெளித்தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் இவ்வளவே. ஆனோடைஸ் என்பது மேலே ஒட்டவைத்த வேறு உலோகம் கிடையாது. அலுமினியத்தின் சொந்த ஆக்சைடையே தடிமனாக வளர்த்தது. அதனால் உரிவதற்கு எதுவும் இல்லை. கீறல் விழும், கறை படியும், கொப்புளம் வராது.

எட்டு லக் என்பதால் ஷெல்மேல் பாரம் குறைவு, ஒலி சற்றே திறந்து வரும். பத்து லக் உள்ள 400 உயர்ந்த சுருதிக்கு இழுக்கும்போது சீராக நிற்கும், நுணுக்கமாகச் சரிசெய்யலாம். கச்சிதமான உயர் சுருதி வேண்டும் என்பவருக்கு 400 பொருந்தும். நடுத்தர, தாழ்ந்த சுருதியில் வாசிப்பவருக்கு இரண்டுக்கும் இடையிலான விலை வித்தியாசம் வீண். ஈரக்காற்று உள்ள ஊரில் இருப்பவருக்கோ ஆக்ரோலைட்டே மேல் என்பதில் ஐயமில்லை. சென்னை, யாழ்ப்பாணம், பினாங்கு போன்ற உப்புக்காற்று ஊர்களில் லட்அலாய் குரோமைக் காப்பது தினப்பாடு.

ஆக்ரோலைட்டில் பார்க்க வேண்டியவை பள்ளி வாழ்க்கையின் தடங்கள். ஷெல்லில் பொறித்த பள்ளிப் பெயர் அல்லது எண், ஸ்டாண்டின் கை அழுத்திய பள்ளம், தொலைந்த உள் மஃப்ளர் (ஒலியை அடக்கும் பாகம்), மாற்றிப் போட்ட ஸ்ட்ரெய்னர் (கம்பியை இறுக்கவும் விடுவிக்கவும் உள்ள நெம்புகோல்). பொறித்த பெயரால் ஒலிக்கு ஒன்றும் ஆகாது, பேரம் பேச உதவும். 1980களுக்குப் பிறகு கறுப்புப் புள்ளிப் பூச்சோடு வந்தவையும் அலுமினியமே. வாசிக்க மட்டும் வேண்டும் என்றால் அவற்றையும் ஒதுக்க வேண்டாம்.

வயதைக் கணிக்க பேட்ஜ் ஓரளவு உதவும். 1969 வாக்கு வரை சாவிக்கல் வடிவக் கீஸ்டோன், அதன்பின் நீலமும் ஆலிவும் கலந்த பேட்ஜ். வரிசை எண்ணை வைத்துத் துல்லிய ஆண்டு சொல்பவரை நம்ப வேண்டாம். ஆலையில் பேட்ஜ்களை எண் வரிசைப்படி பொருத்தவில்லை. பேட்ஜைப் பிடித்திருக்கும் காற்றுத் துளை வளையத்தைக் கவனியுங்கள். அது கோணலாக நசுங்கியிருந்தாலோ சுற்றிலும் புதுக் கீறல் இருந்தாலோ, பேட்ஜ் வேறொரு டிரம்மிலிருந்து வந்திருக்கலாம்.

பித்தளை வேண்டும் என்றால்

பித்தளை சூப்பர் லட்விக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருக்கும் எண்ணிக்கை குறைவு, சேகரிப்பவர் எல்லோரும் தேடுகிறார்கள், விலையும் அப்படியே. மாற்றக் காலத்தில் செய்த டிரம்களில் எது பித்தளை என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. எவராவது தெரியாமல் அலுமினிய விலைக்கு விற்க வாய்ப்பு இருப்பதுபோல், அலுமினியத்தைப் பித்தளை என்று விற்கவும் வாய்ப்பு உண்டு. எடை, துளை ஓரம் என்ற இரண்டு சோதனையும் முடியாமல் பணம் அனுப்பாதீர்கள்.

ரோஜர்ஸ் டைனாசோனிக்கை நிதானமாகப் பார்க்க வேண்டும். 1960களின் தொடக்கத்தில் வந்த இந்த டிரம்மின் ஷெல் குரோம் பூசிய பித்தளை, பத்து லக். பேட்ஜில் கிளீவ்லேண்ட் என்றிருக்கும். ஆலை இருந்தது ஒஹாயோ மாநிலத்தின் கவிங்டனில். 1966இல் சிபிஎஸ் நிறுவனம் ரோஜர்ஸை வாங்கிய பிறகு உற்பத்தி கலிஃபோர்னியா பக்கம் நகர்ந்தது. ஷெல்லைச் சுற்றி வரிகளின் எண்ணிக்கையை வைத்து ஐந்து வரி, ஏழு வரி என்று சேகரிப்பவர்கள் பிரித்துப் பேசுவார்கள்.

மற்ற ஸ்னேர்களில் கம்பியை இழுப்பதும் கம்பியை ஹெட்டோடு அழுத்துவதும் ஒரே திருகில் நடக்கும். இறுக்கினால் கம்பியின் இழுவிசை கூடும், கூடவே ஹெட்டின் மூச்சும் அடைபடும். டைனாசோனிக்கில் கம்பிகள் ஒரு உலோகச் சட்டத்துக்குள் தனியாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. அந்தச் சட்டம் முழுதாக மேலே ஏறி ஹெட்டைத் தொடுகிறது. இழுவிசை வேறு, தொடுதல் வேறு. அதனால்தான் மெல்ல வாசிக்கும்போதும் இதன் பதில் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. சட்டத்தை நம்பியே செய்த ஷெல் என்பதால் மற்றவற்றின் கீழ் விளிம்பில் கம்பி படிவதற்காக இருக்கும் ஸ்னேர் பெட் என்ற பள்ளம் இதில் இல்லை. அடிப்பக்க ஹூப்பிலும் சட்டம் நுழைய அகலமான வாய் வெட்டியிருக்கும்.

இதன் பொருள் என்ன? சட்டம் காணாமல் போன டைனாசோனிக் பாதி டிரம். சாதாரணக் கம்பியை மாட்டினால் பள்ளம் இல்லாத விளிம்பில் அது படியாமல் ஓரங்களில் இரையும். அசல் சட்டமும் அகல வாய் ஹூப்பும் தனித்தனியாக வாங்கப் போனால் செலவு டிரம்மின் விலையோடு போட்டி போடும். "ஸ்னேர் மட்டும் இல்லை, மற்றதெல்லாம் சுத்தம்" என்று ஒரு டைனாசோனிக் மலிவாக வந்தால் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது சிக்கல் லக். முதல் ஆண்டுகளில் வந்த பிரெட் அண்ட் பட்டர் லக்குகள் மெல்லிய பித்தளைத் தகட்டை அச்சில் இழுத்துச் செய்தவை. இழுவிசை தாங்காமல் மூலைகளிலும் ராட் நுழையும் வாயிலும் மயிரிழை வெடிப்பு விடும். ஒவ்வொரு லக்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பின்னால் வந்த பீவர்டெயில் லக்குகள் வார்ப்பு, நன்றாகத் தாங்குபவை. வாசிப்பதற்கு என்றால் பீவர்டெயில் உள்ளதையே தேடுங்கள்.

டைனாசோனிக் "திக்கி ஒலிக்கிறது" என்று விற்கப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் தவறாகச் சரிசெய்தது. சட்டத்தை முதலில் வெளியே எடுங்கள். அதன் ஓரத் திருகுகளால் கம்பிகள் எல்லாம் சமமாகப் படியும் அளவுக்கு மட்டும் இழுங்கள். அடிப்பக்க ஹெட்டை நன்றாக இறுக்குங்கள். பிறகு சட்டத்தை மாட்டி, இரண்டு பக்கத் திருகுகளையும் சிறிது சிறிதாகச் சமமாக ஏற்றி, மேல் ஹெட்டின் நடுவே விரல்நுனியால் தட்டிக்கொண்டே இருங்கள். கம்பி பேசத் தொடங்கிய இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் சட்டம் ஹெட்டை அமுக்குகிறது என்று பொருள்.

சட்டமே வேண்டாம், ரோஜர்ஸ் பித்தளை மட்டும் போதும் என்றால் பவர்டோன் இருக்கிறது. எட்டு லக், சாதாரண ஸ்ட்ரெய்னர், குறைந்த விலை.

ஸ்லிங்கர்லேண்ட் சவுண்ட் கிங், பித்தளைக்குள் மலிவான வாசல் என்று சொல்லலாம். எட்டு லக், கனமான ஒலி. இதன் ஹூப்பின் மேல்விளிம்பு உள்நோக்கி மடிந்திருக்கும். குச்சி வெட்டுப்படாது, ரிம்மில் தட்டும் ஒலி தடிப்பாக வரும். அந்த ஹூப்பை மாற்றிவிட்டால் டிரம்மின் குணமே போய்விடும். தலைவலி ஸூமாட்டிக் ஸ்ட்ரெய்னர். தேய்ந்தால் கம்பியின் பிடி நழுவும், கம்பி நடுவே நிற்காமல் ஒருபக்கம் ஒதுங்கும். வாங்குமுன் கம்பியை இறுக்கிவைத்து, நெம்புகோலைப் பத்து முறை போட்டு எடுத்துப் பார்த்துவிட வேண்டும். இந்தப் பெயரில் வருவதெல்லாம் பித்தளை என்றும் எண்ண வேண்டாம். ஸ்லிங்கர்லேண்ட் எஃகு ஷெல்லிலும் ஸ்னேர்கள் செய்தது, காந்தம் கையில் இருக்கட்டும்.

கிரெட்ச் 4160 இந்தக் கூட்டத்தில் தனிக் குணம். எட்டு லக், பித்தளை ஷெல், அதன்மேல் வார்ப்பு ஹூப். தகடு மடித்த ஹூப்பைவிட வார்ப்பு ஹூப் விறைப்பானது. கார்வையைக் கட்டுப்படுத்தும், ரிம்ஷாட்டை (ஹெட்டையும் ஹூப்பையும் சேர்த்து அடிப்பதை) கூர்மையாக்கும். பித்தளையின் நீண்ட கார்வை பிடிக்காதவருக்கு இது சரியான பித்தளை. ஆனால் வார்ப்பு வளைந்தால் நிமிர்த்த முடியாது, முயன்றால் உடையும். தட்டையான கண்ணாடிமேல் ஹூப்பை வைத்து ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேச்சு. வட்ட பேட்ஜ் 1970களின் தொடக்கம் வரை; பின்னர் எண்கோண பேட்ஜ். விலை வட்டத்துக்கே கூடுதல், ஒலியில் அந்த வித்தியாசத்தை எதிர்பார்க்காதீர்கள்.

1920களின் கறுப்பழகி

பழைய உலோக ஸ்னேர் என்றாலே சிலர் மனத்தில் நிற்பது லட்விக் பிளாக் பியூட்டி. பித்தளை ஷெல், கறுப்பு நிக்கல் பூச்சு, அதன்மேல் கையால் செதுக்கிய பூவேலை. 1920களில் அந்த ஷெல் மேல்பாதி, கீழ்பாதி என இரண்டாகச் செய்து நடுவரியில் பற்றவைத்தது. குழாய் லக் இருக்கும். 1970களில் லட்விக் இதே பெயரில் மறுபடி வெளியிட்டதில் ஷெல் ஒரே துண்டு, லக் சுப்ராஃபோனிக்கில் இருக்கும் அதே இம்பீரியல் வகை. இரண்டையும் பிரிக்க லக்கைப் பார்த்தாலே போதும்.

முதல் டிரம்மாக 1920களின் பிளாக் பியூட்டியை வாங்கக் கூடாது. போலி செய்வது எளிது என்பதே காரணம். அதே காலத்தில் அதே பித்தளை ஷெல்மேல் வெறும் நிக்கல் முலாமோடு வந்த டிரம்கள் நிறைய உண்டு. அவற்றைச் செதுக்கிக் கறுப்பாக்கி விற்கிறார்கள். அசலில் கறுப்புப் பூச்சை வெட்டித்தான் பூவேலை செய்திருக்கும். கோடுகளுக்குள் பித்தளை தெரியும். கோட்டின் அடியிலும் கறுப்பு ஏறியிருந்தால் செதுக்கிய பிறகு பூசியிருக்கிறார்கள். நூறாண்டு பழகிய டிரம்மில் கை படும் இடமும் ஸ்டாண்டு தொடும் இடமும் தேய்ந்திருக்கும். எங்கும் ஒரே கறுப்பு என்றால் கேள்வி கேளுங்கள். ராடுகளை ஹூப்போடு பிடிக்கும் தனிக் கொக்கிகள் உள்ள டிரம்மில் அவற்றை எண்ணுங்கள். பத்து லக் டிரம் என்றால் மேலே பத்து, கீழே பத்து. இரண்டு குறைந்தாலும் ஒத்த கொக்கி தேடி அலைய வேண்டிவரும்.

அந்தக் காலத்து ஒலியே வேண்டும் என்பவருக்கு உண்மையான யோசனை, செதுக்காத, நிக்கல் முலாம் பூசிய 1920களின் பித்தளை. ஷெல் அதே வகை. கறுப்பும் பூவும் இல்லாததால் விலை வெகுவாகக் குறைகிறது.

பணம் கொடுக்குமுன்

ஹெட் இரண்டையும் கழற்றாமல் எந்த டிரம்மையும் மதிப்பிட முடியாது. கழற்றிய ஷெல்லைத் தடித்த கண்ணாடிமேல் வைத்து, உள்ளே டார்ச் வைத்து, அறை விளக்கை அணையுங்கள். மேல் விளிம்பில் எங்கும் வெளிச்சம் கசியக் கூடாது. கீழ் விளிம்பில் எதிரெதிரே இரண்டு இடத்தில் மட்டும், ஸ்னேர் பெட் இருக்கும் இடத்தில், மெல்லிய கசிவு இருக்கும் (டைனாசோனிக்கில் அதுவும் இராது). வேறெங்கும் கசிந்தால் விளிம்பு நசுங்கியிருக்கிறது. பிறகு நான்கு திசையில் விட்டத்தை அளந்து பாருங்கள். கூடியதுக்கும் குறைந்ததுக்கும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் ஷெல் முட்டையாகிவிட்டது. இறுக்கும்போது ஹெட் ஒருபக்கம் சுருங்கும், சுருதி சேராது. விளிம்பு ஒடுக்கைப் பாத்திரக்காரரிடம் கொடுத்துத் தட்டி எடுக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். பாத்திரத்தில் ஒரு மி.மீ. ஏறி இறங்கினால் தெரியாது, டிரம் விளிம்பில் அது தெரியும். அடியில் தாங்கு உருண்டை வைக்காமல் தட்டினால் முலாமும் வெடிக்கும்.

ராட் ஒவ்வொன்றும் கையாலேயே கடைசிவரை இறங்க வேண்டும். அமெரிக்க டிரம்களில் ராடின் மரை 12-24 என்ற அளவு. இன்றும் எளிதாகக் கிடைக்கும். நடுவில் சிக்கினால் லக்குக்குள் இருக்கும் நட்டில் மரை போயிருக்கலாம், வெறும் அழுக்காகவும் இருக்கலாம். ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஓரிரவு வைத்தால் எது என்று தெரிந்துவிடும்.

கூடுதல் துளைதான் விலையை அதிகம் இறக்குவது. அசல் ஸ்ட்ரெய்னர் உடைந்து, துளை இடைவெளி பொருந்தாத வேறொன்றைப் போடுவதற்காகத் துளையிட்டிருப்பார்கள். ஸ்ட்ரெய்னரின் பின்பக்கம் ஷெல்லை உள்ளிருந்து பார்த்தால் மறைத்தது தெரியும். லட்விக்கின் பி-83 ஸ்ட்ரெய்னர் எளிமையானது, நீடித்து உழைக்கும். 1970களில் வந்த பி-85 இழுவிசை கூடினால் தானாகத் தளரும் பழக்கம் உள்ளது. அதற்காக ஷெல்லைத் துளைக்காதீர்கள். திருகுத் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, அதே இடைவெளி உள்ள புதிய ஸ்ட்ரெய்னரைப் பொருத்தி, அசலைத் துணியில் சுற்றிப் பெட்டியிலேயே வைத்திருங்கள். விற்கும் நாளில் அது திரும்பப் போகும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவருக்கு இன்னொரு கணக்கு. காணாமல் போன மஃப்ளர், ஒரு லக், ஒரு ஹூப் என்று பிறகு ஒவ்வொன்றாக வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் தனி அஞ்சல் செலவு, தனிச் சுங்கவரி. சிறு பாகத்துக்கு அது பாகத்தின் விலையையே தாண்டிவிடலாம். முழுமையாக இருக்கும் டிரம்முக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது இங்கிருந்து வாங்குபவருக்கு எப்போதும் லாபம்.

வந்தபின்

முழுதாகக் கழற்றுமுன் எல்லாக் கோணத்திலும் படமெடுங்கள். ஒவ்வொரு லக்கின் நட்டும் ஸ்பிரிங்கும் தனித்தனிக் கிண்ணத்தில். லக்குகளை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி முற்றிலும் உலர்த்துங்கள். ராட்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, மரையில் ஒரு துளி எண்ணெய். லக்குக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைச் சுற்றிச் சிறிது பஞ்சு வைத்தால், அடிக்கும்போது வரும் ரீங்காரம் நிற்கும். பழைய டிரம்களில் "ஷெல் இரைகிறது" என்று சொல்வது பெரும்பாலும் இந்த ஸ்பிரிங்தான். லக்கைத் திரும்பப் பூட்டும்போது திருகை முரட்டுத்தனமாக இறுக்கக் கூடாது. வார்ப்பு துத்தநாகம் சத்தமில்லாமல் வெடித்துவிடும்.

எஃகு ஹூப்பின் துருவுக்கு அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். குரோமைவிட அது மென்மை, கீறாது. வீட்டுப் பித்தளைக்குப் பழகிய கை புளியையும் எலுமிச்சையையும் தேடும். முலாம் பூசிய ஷெல்லில் அந்தப் புளிப்பு நுண்வெடிப்பு வழியே இறங்கி, கழுவிய பிறகும் உள்ளே இருந்து அரிக்கும். கறுப்பு நிக்கலில் எந்த உலோகப் பாலிஷும் கூடாது, ஒரே தேய்ப்பில் கறுப்பு போய் மஞ்சள் வந்துவிடும். அங்கே உலர்ந்த மென்துணி மட்டும்.

ஹெட், மேலே 10 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் கோட்டிங் உள்ளது, கீழே 3 மில் ஸ்னேர் பக்க ஹெட். கம்பி 20 இழை. எந்தப் பழைய ஸ்னேரையும் மதிப்பிட முதலில் இந்த எளிய கூட்டணியில் கேளுங்கள். கம்பியைக் கண்ணாடிமேல் வைத்து, ஒரு இழையாவது தூக்கி நின்றால் மாற்றிவிடுங்கள்.

பெட்டிக்குள் வைக்கும்போது ஸ்ட்ரெய்னரைத் தளர்த்தி, வியர்வையைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பை இரண்டு போடுங்கள். பெட்டியின் உட்பக்க நுரை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் வகையாக இருந்தால், மழைக்காலத்தில் டிரம்மைப் பெட்டிக்கு வெளியே, பருத்தித் துணி போர்த்தி, காற்றோட்டமுள்ள அலமாரியில் வையுங்கள். லட்அலாய் குரோமில் முதல் வெள்ளைப் புள்ளி தெரிவது பெரும்பாலும் லக்கின் ஓரத்தில். மாதம் ஒருமுறை அங்கே மட்டுமாவது டார்ச் அடித்துப் பாருங்கள்.